‘ஜிஎஸ்டி எடுக்கணும், போடணும், கட்டணும்’: சிறுதொழில் வாடிக்கையாளர் இணையத்தில் தேடும் மொழி

பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ கடை வைத்திருக்கும் ஒருவர் ‘ஜிஎஸ்டி’ என்று சொன்னால், அவர் வரியைப் பற்றிப் பேசுகிறாரா, கடைக்கு முன்னால் ஓடும் சாலையைப் பற்றிப் பேசுகிறாரா என்பது அடுத்த சொல் வரும்வரை தெரியாது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்ற நெடுஞ்சாலை சென்னைவாசிகளின் வாயில் நெடுங்காலமாக ஜிஎஸ்டி ரோடு. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதே மூன்றெழுத்துக்கு இரண்டாவது பொருளும் சேர்ந்துகொண்டது. ‘ஜிஎஸ்டி ஆபீஸ் குரோம்பேட்டை’ என்று ஒருவர் கைப்பேசியில் தேடினால், அவருக்கு வேண்டியது வரி அலுவலகமா, வரிக்கணக்கு எழுதித் தருபவரா, அந்தச் சாலையில் வாடகைக்கு ஓர் அலுவலக இடமா என்பதைத் தேடுபொறி ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்துக்குத் துணைசெய்யும்படி தம் பக்கத்தை எழுதி வைத்தவர் கண்ணில் படுகிறார். எழுதாதவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் படுவதில்லை.

சிறுதொழில் செய்வோருக்கு ஏதேனும் ஒரு சேவையை அளித்துப் பிழைப்பவர்கள் சென்னையில் ஏராளம். கணக்கு எழுதுபவர், அச்சகம் நடத்துபவர், பில் போடும் மென்பொருள் விற்பவர், இணையதளம் அமைத்துத் தருபவர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் தம் இணையப் பக்கத்தைத் தம் தொழிலின் பாடப்புத்தக மொழியில் எழுதிவிட்டு, அழைப்பு வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை, குறை அவர்கள் செலவிட்ட தொகையில் இல்லை. அவர்கள் எழுதிய சொல்லும் வாடிக்கையாளர் தேடும் சொல்லும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அந்தச் சொல்லைக் காதால் கேட்டுத்தான் முதலில் பிடிக்க முடியும் என்பதும், கூகுள் தரும் கருவிகள் பிடித்த சொல்லை எடைபோட உதவுமே தவிர அவற்றைக் கொண்டு தொடங்கினால் வழி தவறும் என்பதும் என் உறுதியான கருத்து.

இந்த இடைவெளி இணையத்தோடு பிறந்ததன்று. ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரே பொருளுக்கோ செயலுக்கோ பெயர் வைக்கச் சொன்னால் இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டியது. கணினிக்குக் கட்டளைச் சொற்களை எப்படி அமைப்பது என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது என்றாலும், அந்தக் கண்டுபிடிப்பு தேடுபொறிக் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. பொதுவாக எந்த இருவரிடையிலும் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, சட்டப் பிரிவுகளின் எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவருக்கும், காலையில் கடையைத் திறந்து இரவு பூட்டும்வரை சரக்கையும் கடனையும் தவிர வேறொன்றை நினைக்க நேரமில்லாத ஒருவருக்கும் சொல் ஒன்றாக அமையும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மிகத் தெளிவான சான்று ‘ஆடிட்டர்’ என்ற சொல். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்பது பட்டத்தின் பெயர். ஆடிட் என்பது அவர் செய்யும் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. ஆனால் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அவர் ஆடிட்டர்தான். கணக்கு எழுத, வரி கட்ட, வங்கிக் கடனுக்குக் காகிதம் தயார் செய்ய, புதிதாக நிறுவனம் பதிவு செய்ய, எல்லாவற்றுக்கும் ‘ஆடிட்டரைப் பார்க்கணும்’ என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். வட மாநிலங்களில் ‘சிஏ’ என்ற இரண்டெழுத்து செய்யும் வேலையை இங்கே இந்தச் சொல் செய்கிறது. தில்லியிலோ மும்பையிலோ எழுதப்பட்ட ஒரு மாதிரிப் பக்கத்தைப் பார்த்து அதன் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையில் பக்கம் அமைப்பவர், ஊரின் மிகப் பெரிய வாசலைப் பூட்டிவிட்டுச் சந்தில் கடை போடுகிறார்.

அச்சகத் தொழிலிலும் இதே கதைதான். திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருந்த ஒருவருக்காகச் சில காலம் முன்பு பக்கம் எழுதப்போனபோது, அவருடைய பழைய பக்கத்தில் ‘பிராண்ட் கம்யூனிகேஷன்’, ‘பிரிண்ட் சொல்யூஷன்ஸ்’ என்ற சொற்களே நிறைந்திருந்தன. அவர் கடையில் நான் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் கேட்டவை பிட் நோட்டீஸ், பில் புக், விசிட்டிங் கார்டு, சீல். ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ‘கம்பெனி சீல் ஒண்ணு போடணும், இன்னிக்கே கிடைக்குமா’ என்றுதான் கேட்டார்கள். அந்த ‘இன்னிக்கே’ என்ற சொல்லையும் சேர்த்துத்தான் தேடல் மொழி என்கிறேன். பொருளின் பெயரோடு அவசரமும் விலையும் இடமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

ஆகவே நான் எவருக்கும் முதலில் சொல்வது, கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருகிற ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியத்தை, திருத்தாமல், அவர் உச்சரித்தபடியே எழுதி வையுங்கள் என்பதுதான். முதல் வாக்கியம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு நிமிடம் பேசியதும் வாடிக்கையாளர் நம் சொற்களைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். ‘ஓ, அதுக்குப் பேரு ரெவகேஷனா, சரி அதைப் பண்ணிக் கொடுங்க’ என்கிறார் (ரெவகேஷன் என்பது ரத்தான பதிவை மீட்பது). நம்மிடம் வருவதற்கு முன்பு அவர் தேடியது அவருடைய பழைய சொல்லைக் கொண்டு. அந்தச் சொல் முதல் வாக்கியத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

இரண்டு மாதம் அப்படி எழுதிய நோட்டைப் புரட்டினால், பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே அதிகம் கற்றுத் தருகின்றன. பெயர்ச்சொல் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்று, அது ஆங்கிலத்திலிருந்து வந்தது: ஜிஎஸ்டி, லைசென்ஸ், லோன், டேலி (கணக்கு மென்பொருள்), பில் மெஷின். அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பிரித்துக் காட்டுவது அதன்பின் வரும் தமிழ் வினை. ‘ஜிஎஸ்டி எடுக்கணும்’ என்றால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ‘ஜிஎஸ்டி போடணும்’ என்றால் மாதாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ‘ஜிஎஸ்டி கட்டணும்’ என்றால் தொகையைச் செலுத்த வேண்டும், பெரும்பாலும் தாமதக் கட்டணத்தோடு. ‘ஜிஎஸ்டி கேன்சல் பண்ணணும்’ என்பவர் தொழிலை மூடுகிறார். ‘ஜிஎஸ்டி கேன்சல் ஆயிடுச்சு’ என்பவர் மூட விரும்பாதவர், கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டதால் துறையே அவருடைய பதிவை ரத்து செய்திருக்கிறது. ‘பண்ணணும்’, ‘ஆயிடுச்சு’ என்ற இரண்டு வினைகளுக்கு இடையே முற்றிலும் வேறான இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் காட்டும் பக்கம் எதையும் எழுதாமல் ‘அனைத்து ஜிஎஸ்டி சேவைகளும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர், இருவரில் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

நோட்டீஸ் என்ற சொல்லும் இப்படித்தான். அச்சகத்தில் அது விநியோகிக்கும் காகிதம். கணக்கர் அலுவலகத்தில் அது வயிற்றைக் கலக்கும் கடிதம். ‘ஜாப் ஒர்க்’ என்பது அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் அடுத்தவர் தரும் மூலப்பொருளில் வேலை செய்து கொடுப்பதைக் குறிக்கும் அன்றாடச் சொல், வரிச்சட்டத்திலும் அதே சொல்தான். ஆனால் தேடுபொறியில் அதை மட்டும் போட்டால் வேலைவாய்ப்பு விளம்பரங்களும் கலந்து வருகின்றன. எனவே பட்டறைக்காரர்கள் தாமாகவே ‘லேத் ஜாப் ஒர்க் அம்பத்தூர்’, ‘லேசர் கட்டிங் ஜாப் ஒர்க்’ என்று முன்னாலும் பின்னாலும் சொல் சேர்த்துத் தேடப் பழகிவிட்டார்கள். தேடுபவர் எந்தச் சொல்லைச் சேர்க்கிறார் என்பது, எந்தத் தவறான முடிவைத் தவிர்க்க அவர் போராடுகிறார் என்பதன் அடையாளம்.

கணினி விஞ்ஞானி ஆண்ட்ரே பிரோடர் 2002-இல் இணையத் தேடல்களை மூன்றாக வகுத்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, தெரிந்த ஓர் இடத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. இந்த வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது. சிறுதொழில் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இதில் நான் சேர்த்துப் பார்ப்பது ஒன்று: அவர் தேடலின் பெரும்பகுதி, தமக்கு வேண்டிய சேவையின் பெயரே தெரியாத நிலையில் நடக்கிறது. ‘கூகுள் மேப்பில் கடை பெயர் வரவில்லை’ என்று தேடுபவருக்கு லோக்கல் எஸ்இஓ (அருகிலுள்ளவர்களின் தேடலில் கடையைத் தெரியவைப்பது) என்ற ஒரு சேவை இருப்பதே தெரியாது. ‘ஸ்டாக் கணக்கு டேலி ஆகவில்லை’ என்று தேடுபவர் மென்பொருள் வாங்க வரவில்லை. ஆனால் அவருக்கு நல்ல பில்லிங் மென்பொருள்தான் தேவையாக இருக்கலாம். நோயின் பெயர் தெரியாமல் வலியைச் சொல்பவரிடம் மருத்துவர் கேட்டறிவதைப்போல, வலியின் சொற்களில் எழுதப்பட்ட பக்கம்தான் இவர்களைச் சந்திக்கும்.

இடப்பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையில் அஞ்சல் முகவரியும் வாய்வழக்கும் வெவ்வேறு ஊர்கள்போல இருக்கின்றன. விசிட்டிங் கார்டில் ஜார்ஜ் டவுன் என்று இருக்கும். மொத்த வியாபாரத்துக்கு வருபவர் ‘பாரிஸ்’ (பாரிமுனை) என்கிறார். அண்ணா சாலை இன்னும் பலருக்கு மவுண்ட் ரோடு. ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் பூந்தமல்லி ஹைரோடு என்பவர்கள் மிகுதி, ராஜீவ் காந்தி சாலையை ஓஎம்ஆர் என்று சொல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தங்கசாலை, மின்ட் ஸ்ட்ரீட் என்ற இரண்டு பெயர்களும் இணையாக உயிர்வாழ்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் பொருளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், வண்டி உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை என்று சொல்லும்போது, இடப்பெயரே பொருளின் பெயராகிவிடுகிறது. ‘ரிச்சி ஸ்ட்ரீட் விலை’ என்று ஒருவர் கேட்பது ஓர் இடத்தை அன்று, ஒரு விலை மட்டத்தை. பில் மெஷினோ எடை மெஷினோ விற்பவர் இதை உணர்ந்து எழுதினால், முகவரியை முறையாக ஒரு முறை தந்துவிட்டு, ‘பாரிஸ் கார்னரிலிருந்து எப்படி வருவது’ என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். வழி கேட்பவருக்கும் அது உதவி, தேடுபவருக்கும் அது உதவி.

எழுத்து வடிவமும் ஒன்றில்லை. ஒரே சொல்லை ஆங்கிலமாக, தமிழ் எழுத்தில், ரோமன் எழுத்தில் தமிழாக என மூன்று உடைகளில் பார்க்கிறோம். ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடுபவரும் ‘எல்’ போடுபவரும் உண்டு, நெடிலுக்கு இரண்டு உயிரெழுத்து இடுபவரும் ஒன்றோடு விட்டுவிடுபவரும் உண்டு. இத்தனை வடிவத்தையும் பக்கத்தில் எழுதி நிரப்ப முயல்வது வீண். பேச்சு வழியான தேடல் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. கூகுள் 2017 ஆகஸ்டில் குரல் தேடலில் புதிதாகச் சேர்த்த எட்டு இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. அதே ஆண்டு ஆலோசனை நிறுவனமான கேபிஎம்ஜியும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளில் இணையப் பயன்பாடு மிக அதிகமாகப் பரவியிருப்பது தமிழில்தான் என்றும், அது 42 சதவீதம் என்றும் குறிப்பிட்டது. தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் இரண்டு சொல் மட்டும் போடும் அதே கடைக்காரர், ஒலிவாங்கிக் குறியை அழுத்தினால் முழு வாக்கியமாகத் தமிழில் கேட்கிறார். எனவே பக்கத்தின் தலைப்பில் அவர் தட்டும் பெயர்ச்சொல்லும், உள்ளே துணைத்தலைப்புகளில் அவர் வாயால் கேட்கும் கேள்வியும் இருப்பது நல்லது என்பது என் அனுபவம்.

இனிக் கருவிகள். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தொடங்கினால் கீழே விரியும் பரிந்துரைகள் உண்மையான தேடல்களிலிருந்து வருபவை. ஆனால் அவை நம் இருப்பிடத்தையும் பழைய தேடல்களையும் பார்த்து மாறுகின்றன, ஆகவே பழைய தேடல்களின் பாதிப்பையாவது தவிர்க்க மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) பார்க்க வேண்டும். ‘ஜிஎஸ்டி’ என்று போட்டு நிறுத்திப் பார்ப்பதோடு விடாமல், நோட்டில் எழுதிய வினைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது பரிந்துரையாக விரிகிறது, எது விரியவில்லை என்பது தெரியும். 2004 முதலான தேடல் போக்குகளைத் தரும் கூகுள் டிரெண்ட்ஸ், எண்ணிக்கையைத் தருவதில்லை. உச்சத்தை 100 என்று வைத்து ஒப்பீட்டளவை மட்டும் தருகிறது. ஆடிட்டர், சிஏ என்ற இரண்டு சொற்களை மாநிலவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க அது நல்லது. குரோம்பேட்டை அளவுக்குச் சுருங்கிய ஒரு சொல்லுக்கு அது வெறும் பூஜ்யத்தைக் காட்டிவிடும். ஒரு சொல் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானர், பணம் செலவிடாத கணக்குகளுக்கு 10 முதல் 100 வரை, 100 முதல் 1000 வரை என்ற அகன்ற வீச்சுகளைத்தான் தருகிறது. மேலும் அது காட்டும் மாதச் சராசரி பருவத்தை மறைக்கிறது: ஆண்டு இறுதியில் மட்டும் பெருகும் ‘தினசரி காலண்டர் பிரிண்டிங்’ என்ற தேடலும், மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வோரின் கடைசி நாளான 20-ஆம் தேதியை ஒட்டிப் பெருகும் தேடலும் சராசரியில் கரைந்துவிடுகின்றன.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘யாரும் தேடவில்லையே’ என்று ஒரு சொல்லைக் கைவிடுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் வராதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஒரு கணக்கருக்கு மாதம் ஐந்து புதிய வாடிக்கையாளர் கிடைத்தாலே பெரிய வளர்ச்சி. அந்த ஐந்து பேர் கருவியின் கண்ணில் பூஜ்யம்.

இந்தக் கருவிகளுள் எனக்கு மிக மதிப்புள்ளது கூகுளின் சர்ச் கன்சோல். நம் பக்கம் எந்தெந்தச் சொற்களுக்குத் தேடல் முடிவில் தோன்றியது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை அது வைத்திருக்கிறது; மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும் என்றாலும், மீதமுள்ளவை போதுமானவை. பலமுறை தோன்றியும் யாரும் அழுத்தாத சொல் எங்கே இருக்கிறதோ, அங்கே தேடியவர் நம் தலைப்பைப் படித்துவிட்டு ‘இது எனக்கானதில்லை’ என்று முடிவு செய்திருக்கக்கூடும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்திருந்தால், அந்தப் பதிவிலும் மக்கள் எந்தச் சொல்லால் கடையைக் கண்டார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் அதைத் திறந்தே பார்க்காத கடைக்காரர்கள் மிகப் பலர். 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகா போன்ற தளங்களின் வகைப்பெயர்களையும் ஒருமுறை பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் மக்கள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்து உருவான பெயர்கள் அவை.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை எங்கும் போடலாம் என்பதில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பேம் வகையில் சேர்த்திருக்கிறது. பக்கத்தின் மூலநிரலில் மறைவாக எழுதும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று அது 2009-லேயே அறிவித்துவிட்டது; இன்றும் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டாம். இதைவிட முக்கியமானது நேர்மை. மக்கள் ‘ஆடிட்டர்’ என்று தேடுகிறார்கள் என்பதற்காக, ஜிஎஸ்டி தாக்கல் மட்டும் செய்துதரும் ஒருவர் தம்மை ஆடிட்டர் என்று எழுதிக்கொள்ளக் கூடாது; உறுப்பினரல்லாதவர் தம்மைச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று காட்டிக்கொள்வது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ‘ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஆடிட்டர்தான் வேண்டுமா?’ என்று ஒரு பக்கம் எழுதி, எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று உண்மையைச் சொன்னால் அந்தச் சொல்லைத் தேடியவரும் வந்து சேர்வார், ஏமாற்றப்படவும் மாட்டார். அதேபோல, சிறுதொழில் பதிவு 2020 ஜூலை 1 முதல் உத்யம் என்ற பெயருக்கு மாறிய பின்னும் கேட்பவர்கள் ‘எம்எஸ்எம்இ சர்டிபிகேட்’ என்றே கேட்கிறார்கள். அவர்களுடைய சொல்லைத் தலைப்பில் வைத்து, முதல் பத்தியிலேயே அதன் இன்றைய பெயரையும், அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை என்பதையும், நாம் வாங்குவது நிரப்பித் தரும் உழைப்புக்கான தொகை என்பதையும் எழுத வேண்டும்.

கேன்சல் ஆன பதிவுக்குத் திரும்புகிறேன். கணக்கர்களின் பக்கங்களில் இதன் தலைப்பு ‘ரெவகேஷன் ஆஃப் கேன்சலேஷன், படிவம் ரெக்-21’ என்று இருக்கும்; அதைத் தேடுபவர்கள் மற்ற கணக்கர்கள். கடைக்காரர் தேடுவது ‘ஜிஎஸ்டி நம்பர் கேன்சல் ஆயிடுச்சு திரும்ப ஆக்டிவ் பண்ண’. ஆகவே தலைப்பு ‘ஜிஎஸ்டி நம்பர் கேன்சல் ஆகிவிட்டதா? திரும்ப ஆக்டிவ் செய்யும் வழி’ என்று இருக்கட்டும். அதற்குக் கீழே முதல் வரியில், ரத்து ஆணை கிடைத்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம் என்பதும், அதற்கு முன் நிலுவையிலுள்ள கணக்குகளையெல்லாம் தாக்கல் செய்து வரியும் தாமதக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதும் வர வேண்டும். பெரும்பாலானோர் ரத்தானதையே, தம்மிடம் சரக்கு வாங்குபவர் ‘உங்க நம்பர் ஆக்டிவா இல்லையே’ என்று சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதற்குள் அந்த 90 நாளில் பாதி போயிருக்கும்.